குற்றாலத்துப் பனிமலை

வரைபடம் தப்பாக இருந்தால் உலகம் முழுக்க வரைபடத்தைத்தான் திருத்துவார்கள். ஊரைத் திருத்தக் கிளம்பிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைப் பனிமலை அண்ணாச்சி என்று சொன்னால்தான் குற்றாலத்தில் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்துப் பயன்படுத்தியவர் யாரும் இல்லை.

ஐந்தருவி போகும் சாலையில், படகுக் குளத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு லாட்ஜின் மேனேஜர் அவர். நான் தென்காசியில் இருந்துகொண்டு சில கடைகளுக்கும் இந்த லாட்ஜுக்கும் கணக்கு எழுதுகிறவன். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய், ரிசப்ஷனில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்காருவேன். ஆகவே இங்கே எழுதப்போவதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. மற்றது லாட்ஜின் பெரிய முதலாளி, அவர் உயிரோடு இருந்தபோது, எனக்குச் சொன்னது.

முதலில் அந்தப் படத்தைச் சொல்லிவிட வேண்டும். ரிசப்ஷன் சுவரில் கட்டில் அகலத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ‘குற்றாலம்: சுற்றுலாப் பயணிகளுக்கான வண்ணப்பட வழிகாட்டி’ என்று மேலே வளைத்து எழுதியிருக்கும். இடது பக்கம் பேரருவி, காயப்போட்ட எட்டு முழ வேட்டி மாதிரி தொங்கும். பக்கத்தில் கோயில். கோயிலைவிடப் பெரிதாக லாட்ஜ். இதைப் பற்றிக் கேட்டால் அண்ணாச்சி, “சாமி கோவிச்சுக்கிடாது தம்பி. முதலாளி கோவிச்சுக்கிடுவாரு” என்பார். கால்சட்டை போட்ட குரங்குகள் ஆங்காங்கே வழி காட்டிக்கொண்டு நிற்கும்.

இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. படத்தின் நடுவில்தான் வில்லங்கம். அங்கே சொட்டு நீலத்தைக் கொட்டியது போல ஒரு பெரிய ஏரி. ஏரியில் திரை கட்டிய மரவீட்டுப் படகுகள். கழுத்தை வளைத்துக்கொண்டு அன்னங்கள். கரையில் ஊசியிலை மரங்கள். தலையில் முக்காடு போட்ட பெண்கள் பூக்கூடையோடு படகில் போகிறார்கள். ஓரத்தில் ஆப்பிள் தோட்டம். எல்லாவற்றுக்கும் பின்னால், நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலை இருக்க வேண்டிய இடத்தில், இடுப்பு வரைக்கும் பனி மூடிய மலைகள்.

நடந்தது இதுதான். பல வருடங்களுக்கு முன்னால் பெரிய முதலாளிக்கு லாட்ஜ் பெயரில் ஊர்ப்படம் ஒன்று அச்சடிக்க ஆசை வந்தது. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணாச்சியைச் சிவகாசிக்கு அனுப்பினார். அது காலண்டர் சீசன். அச்சகத்து ஓவியருக்கு மூச்சு விட நேரமில்லை. அண்ணாச்சி வாயால் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, “அருவி, கோயில், ஏரி, மலை. அவ்வளவுதானே? போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். அவரிடம் யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு காஷ்மீர் காலண்டர் படம் தயாராக இருந்தது. ஏரியும் மலையும் அதிலேயே இருந்ததால், ஓரத்தில் அருவியையும் கோயிலையும் லாட்ஜையும் சேர்த்து, மிச்ச இடத்தில் குரங்கை வரைந்து அச்சுக்கு ஏற்றிவிட்டார்.

லாரியில் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய முதலாளி ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தாராம். கடைசியில், “அடிச்சது அடிச்சாச்சு. இனிமே நம்ம ஊரு இதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் அலுத்துப்போய்ச் சொன்னதை அண்ணாச்சி உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் படத்தில் தப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

படக்கட்டுகள் மாடியில் ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டன. சீசனில் இடம் கேட்டு வருகிறவர்கள், “அந்த ரூம் பூட்டியே கிடக்கே சார்?” என்று கேட்டால், “அதுல ஒரு பார்ட்டி ரொம்ப நாளா தங்கியிருக்காக” என்பார். பொய்யில்லை. அந்தப் பார்ட்டியைக் காலிசெய்வதற்காக வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் ஒரு படம் கொடுப்பார். நேந்திரம் சிப்ஸ் கடைக்காரரிடம் ஒரு கட்டைக் கொடுத்து, பொட்டலத்துக்கு ஒன்று வீதம் மடித்துப் பைக்குள் போடச் சொல்லியிருந்தார். இப்படியாகக் குற்றாலத்தின் பனிமலை, சிப்ஸ் எண்ணெய் ஊறிப்போய், ஜில்லா ஜில்லாவாகப் பரவியது.

படத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. ஒருமுறை மதுரையிலிருந்து புதுமணத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் புது ஸ்வெட்டர்.

“சார், பனி எங்க இருக்கு?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“மேல இருக்கு.”

“ஒண்ணும் தெரியலையே?”

“சாரல் மறைச்சிருக்குலா. சாரல் விலகுனா தெரியும்.”

“சாரல் எப்போ விலகும்?”

“சீசன் முடிஞ்சதும்.”

“அப்போ சீசன் முடிஞ்சு வந்தா பாக்கலாமா?”

“அதெப்படிப் பாக்க முடியும்? வெயில்ல உருகிரும்லா!”

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. “கரெக்ட்தான்” என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஆப்பிளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, “அது ஆப்பிள் இல்ல, மங்குஸ்தான். கண்ணாடி வழியா வெயில் பட்டு வெளுத்துருச்சு” என்று பதில். முக்காடு போட்ட பெண்களைப் பற்றிக் கேட்டால், “சாரல்ல தலை நனையக் கூடாதுன்னு போட்டுருக்காக.” ஊசியிலை மரம், அன்னம், வீட்டுப் படகு ஆகிய மூன்றுக்கும்தான் பதில் அகப்படவில்லை. பதில் இல்லாத இடத்தில் பொருளையே கொண்டுவந்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். ஊரைத் திருத்தும் வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் அன்னம். அறுப்பு முடிந்த வயலில் மேய்க்க இலஞ்சிப் பக்கம் வாத்துக் கூட்டம் வரும். அதில் வெள்ளையாகப் பார்த்து ஒரு ஜோடியை வாங்கிவந்து குளத்தில் விட்டார். மறுநாள் காலையில் இரண்டும் தார்ச்சாலையின் ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, இலஞ்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தன. பிடித்துவந்து மறுபடி விட்டார். மறுபடி நடந்தன. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நானே ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒலி எழுப்பிய லாரிக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டு, மீண்டும் சாலையேறி நடந்தன.

“அண்ணாச்சி, அதுகளுக்கு ஊர் நல்லாத் தெரியுது” என்றேன்.

“வாத்துக்கு என்ன தம்பி தெரியும்? படத்தைப் பாத்துருக்கா அது?” என்றார் எரிச்சலோடு.

அடுத்தது வீட்டுப் படகு. லாட்ஜில் கழித்துப்போட்ட ஜன்னல் திரைகளை எடுத்துக்கொண்டு போய், படகுக்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், மிதிபடகு ஒன்றில் நாலு பக்கமும் கட்டிவிட்டார். அதில் ஏறிய தம்பதிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. காற்று திரையைப் பாய் மாதிரி உப்பவைக்க, படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. அவர்கள் அதுதான் இந்த ஊர் வழக்கம்போல என்று நினைத்து உள்ளேயே சிப்ஸ் தின்றுகொண்டு இருந்தார்கள். படகுக்காரர் கரையில் நின்று அண்ணாச்சியின் பரம்பரையை விசாரித்தார். ஊசியிலை மரத்துக்குப் பதிலாகக் கரையில் நட்ட சவுக்குக் கன்றுகளை ஆடு தின்றது. ஆடுகள் தின்னாத ஒன்றைக் குரங்கு பிடுங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் எறிந்துவிட்டது.

எனக்கு எதுவும் சரியாக இருக்க வேண்டும். அளவும் திசையும் இல்லாத ஒரு படத்துக்குக் கீழே வாராவாரம் உட்கார்ந்திருப்பது பல்லில் நார் சிக்கியது போல இருந்தது. ஒரு மழைக்கால ஓய்வில், மேலே வடக்கு, கீழே அளவுகோல், ஓரத்தில் குறிவிளக்கம் என்று முறையாகக் குற்றாலத்துக்கு ஒரு வரைபடம் போட்டு, அண்ணாச்சியின் அனுமதியோடு அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வந்தவர்களில் ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு திரும்பி, “இது லாட்ஜோட வயரிங் பிளானா சார்?” என்று கேட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. எனக்காக அவரே பதில் சொன்னார்: “இதுவும் குற்றாலம்தான். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால.”

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். பெரிய முதலாளி காலமானார். திருநெல்வேலியில் தொழில் நடத்தும் அவருடைய மகன், சின்ன முதலாளி, பொறுப்புக்கு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் போனில் பார்க்கிறவர். லாட்ஜுக்கு யாராவது போனில் நட்சத்திரம் குறைத்துப் போட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த நேரத்தில் ராயகிரியிலிருந்து புகார் வந்தது.

அனுப்பியவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிப்ஸ் பைக்குள் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். தாம் காஷ்மீரில் அந்த ஏரிக்கரையில் காவல் நின்றவர் என்றும், காஷ்மீரைக் காட்டிக் குற்றாலத்தில் வியாபாரம் செய்வது மோசடி என்றும், வருகிற சனிக்கிழமை மனைவியோடு நேரில் வருவதாகவும், ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

சின்ன முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். “அண்ணே, அண்ணாச்சி அந்த மிலிட்டரிக்காரர்ட்ட படம் தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேக்கணும். படத்தையும் கழட்டிறணும். முடியாதுன்னா அன்னைக்கே கிளம்பிறட்டும். நான் வேற ஆள் பாத்து வச்சிருக்கேன். நீங்களே சொல்லிருங்க, எனக்கு அவர்ட்ட பேச வராது.”

அண்ணாச்சிக்கு மனைவி தவறிப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அறைதான் வீடு. லாட்ஜை விட்டால் அவர் போய்ப் படுக்க இந்தப் பூமியில் இடம் கிடையாது. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சொல்லி முடித்ததும் சாவிப் பலகையில் சாவிகளை நேராக்கத் தொடங்கினார்.

“ஒரே ஒரு வார்த்தைதான் அண்ணாச்சி. தப்புன்னு சொல்லிருங்களேன்.”

“எப்படிச் சொல்ல? இத்தனை வருசமா நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிரும்லா. பொய் சொன்னவன எந்த முதலாளியாச்சும் மேனேஜரா வச்சிருப்பாரா? சொன்னாலும் வேலை போச்சு, சொல்லாட்டியும் வேலை போச்சு. சொல்லாமலே போனா மரியாதையாது மிஞ்சும்.”

அந்த வாரம் முழுக்க நான் எழுதிய கணக்குகளைத் திரும்பக் கூட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வந்தது. லேசான சாரல். சுபேதார் சொன்னபடி வந்து இறங்கினார். நரைத்த மீசை, தேய்த்த சட்டை, முதுகு வளையாத நடை. பின்னால் அவர் மனைவி, கையில் பிளாஸ்டிக் கூடையோடு, சிரித்த முகமாக வந்தார். சுபேதார் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

“யாருவே மேனேஜர்?”

“நாந்தான் சார்.”

“இது எந்த ஊரு?”

“குற்றாலம்.”

“இந்த ஏரி?”

“நம்ம படகுக் குளம்.”

“அந்தப் பனி?”

“சாரல் விலகுனா…”

“சாரலாவது கீரலாவது! இந்தக் கரையில துப்பாக்கியோட நின்னவன்வே நானு. குளிர்ல மீசை விறைச்சுப் போகும். எனக்கே காதுல பூச் சுத்துதீரா?” என்று கண்ணாடியில் விரலை வைத்தார். விரல் நகர்ந்து மரங்களின் மேல் வந்ததும் அவர் முகம் இன்னும் கடுகடுத்தது. “அதுலயும் பாரு, இந்த மரத்தை இந்தக் கரையில போட்டுருக்கான். அங்க இது கிடையவே கிடையாது. காஷ்மீரையாவது உருப்படியா வரைஞ்சானா?”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. “பாத்தீகளா! அப்போ இது காஷ்மீர் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீக.”

சுபேதார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

“வாரும்வே, குளத்துக்கு!” என்று கத்தினார் சுபேதார். “படத்தையும் எடும். இடத்துலயே வச்சுப் பாத்துருவோம். கணக்குப்பிள்ளை, நீங்க சாட்சி.”

அண்ணாச்சி மாடியிலிருந்து ஒரு படத்தை உருவிக்கொண்டு வந்தார். நாலு பேர் உட்காருகிற மிதிபடகு. மிதிக்கிற முன் இருக்கையில் சுபேதாரும் அண்ணாச்சியும், பின்னால் சுபேதாரின் மனைவியும் நானும். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டினார்கள். அண்ணாச்சியைப் பார்த்ததும் படகுக்காரர், “திரை எதும் கொண்டாந்துருக்கீரா?” என்று மடியைச் சோதனை போட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். ஒரு குரங்கு படத்தைப் பிடுங்க வந்தது. “ஏலே, போலே அங்கிட்டு! உனக்குத்தான் அதுல கால்சட்டை போட்டு விட்டுருக்கேன்லா!” என்று அண்ணாச்சி அதை விரட்டினார்.

சுபேதார் லெஃப்ட் என்றால் அண்ணாச்சி படத்தைப் பார்த்து ரைட் திருப்பினார். ஒருவர் முன்னால் மிதிக்க, மற்றவர் பின்னால் மிதிக்க, படகு குளத்தின் நடுவில் முனகிக்கொண்டு நின்றது.

“இதோ, இங்கன நின்னேன்” என்று சுபேதார் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார்.

“அங்கனதான் சார் இப்போ நாம மிதக்கோம்.”

“நான் நின்னது தரைவே!”

“தண்ணி கூடியிருக்கும்.”

அப்போதுதான் மலையிலிருந்து மேகம் இறங்கியது. சீசனில் அங்கே அது வழக்கம்தான். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே உச்சி மறைந்து, தோள் மறைந்து, மலை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சாரல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. இரண்டு பேரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். குளம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

சுபேதாரின் மனைவி பின்னாலிருந்து கேட்டார். “இங்கேருங்க. காஷ்மீரு இப்படித்தான் இருக்குமா?”

சுபேதார் திரும்பவில்லை.

“கல்யாணம் ஆன வருசத்துலேர்ந்து சொன்னீகளே. அடுத்த லீவுல கூட்டிட்டுப் போறேன், அடுத்த லீவுலன்னு. பென்சனும் வந்துருச்சு. அதான் கேக்கேன். இப்படித்தானா?”

காஷ்மீர் வேறு, குற்றாலம் வேறு என்று நிலைநாட்டுவதற்காக ராயகிரியிலிருந்து கிளம்பி வந்த மனிதர் அவர். மீசை நுனியில் சாரல் துளி நின்றது.

“ஆமா. இப்படித்தான் இருக்கும்” என்றார். “குளிரு மட்டும் கொஞ்சம் கூட.”

எனக்கு மூச்சு வந்தது. புகார் செத்தது என்று புரிந்துவிட்டது. இவ்வளவு சாட்சியை வைத்துக்கொண்டு இனி இவர் எந்தக் கோர்ட்டில் போய் என்ன சொல்ல முடியும்? அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நான் பின்னாலிருந்து அவர் முதுகைப் பார்த்து, பேசாதீங்க அண்ணாச்சி, பேசாதீங்க என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி பேசினார். உடம்பை முழுக்கத் திருப்பி, அந்த அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தார்.

“யக்கா, இது குற்றாலம். படத்துல இருக்கதுதான் காஷ்மீரு. சிவகாசிக்காரன் மாத்தி அடிச்சுட்டான். நானும் அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். நீங்க இதைப் பாத்துட்டு, அதைப் பாத்தாச்சுன்னு இருந்துறாதீக. அங்க இதைவிட நல்லா இருக்கும். சாரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்காகக்கூடச் சொல்லமாட்டேன் என்றதை, தங்குவதற்கிருந்த ஒரே அறைக்காகக்கூடச் சொல்லமாட்டேன் என்றதை, அந்த மனிதர் ஒரு முன்பின் தெரியாத அம்மா ஏமாந்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லிவிட்டார். அதுவும் புகார் கொடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இப்போது சுபேதார் அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் அண்ணாச்சிக்கு இன்றே கடைசி நாள்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். படகு ஆடியது.

“எய்யா, நான் பொறந்தது இலஞ்சி! பாவாடை கட்டுன வயசுலேர்ந்து இந்தக் குளத்தையும் மலையையும் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். எனக்கா இது குற்றாலம்னு தெரியாது? இந்த மனுசன் என்னதான் சொல்லுதாருன்னு பாப்போம்னுதான் கேட்டேன்.”

சுபேதார் ராணுவத்தில் எதற்கெல்லாம் அஞ்சாமல் நின்றாரோ தெரியாது. அந்த நிமிடம் அவர் மிதவைச் சட்டைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

“படத்தைப் பாத்துட்டு வீட்டுல ஒரு வாரமா குதி குதின்னு குதிச்சாரு. மோசடியாம்லா!” அந்த அம்மா கணவரின் தோளில் ஒரு தட்டு தட்டினார். “இவரு படத்தையாவது குடுத்தாரு, காசு வாங்காம. நீங்க அதுவும் காட்டலையே. யாரு மோசடி? சொல்லுங்க, யாரு மோசடி?”

சுபேதார் அண்ணாச்சியைப் பார்த்தார். “ஏம்வே, நாந்தான் இப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்லா. பேசாம இருந்துருக்க வேண்டியதுதான?”

“இருந்துருக்கலாம் சார். யக்கா மொகத்தைப் பாத்தேன், வாய் கேக்கல.”

“நல்ல ஆளுவே நீரு” என்றார் சுபேதார். அதைத் திட்டுவது போலத்தான் சொன்னார். பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கமாக மிதித்தார்கள். படகு கரையைப் பார்த்து நேராக வந்தது.

கரையில் நின்று சுபேதாரே சின்ன முதலாளிக்குப் போன் போட்டார். புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டதாகவும், மேனேஜர் உண்மையானவர் என்றும், அவரையோ படத்தையோ யாராவது கழற்றினால் வேறு ஒரு புகார் வரும் என்றும் பட்டாளக் குரலில் தெரிவித்தார். அடுத்த அழைப்பு எனக்கு வந்தது. “என்னண்ணே நடக்குது அங்க?” என்றார் சின்ன முதலாளி. சொன்னேன். “அப்பாவுக்கும் அவருன்னா உயிரு. சரி, படமும் இருக்கட்டும், அவரும் இருக்கட்டும். நான் பாத்து வச்ச ஆளை வேற இடத்துக்கு அனுப்பிக்கிடுதேன்” என்று வைத்துவிட்டார். நான் அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுபேதார் தம்பதி அன்று லாட்ஜில் தங்கினார்கள். ஐப்பசியில் காஷ்மீருக்கு டிக்கெட் போடுவதாக மனைவியிடம் எங்கள் இரண்டு பேர் முன்னிலையில் சுபேதார் ஒத்துக்கொண்டார். அண்ணாச்சி அவர்களைப் படத்துக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். எந்த இடத்தில் காவல் நின்றார் என்று அந்த அம்மா கேட்க, சுபேதார் எட்டி நின்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் வேன் ஒன்று வந்து நிற்க, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் பேனாவைத் தேடி ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் குனிந்தேன். காலில் ஏதோ இடித்தது. கயிறு கட்டிய ஒரு பழைய பெட்டி. அதன்மேல் மடித்த குடை. பெட்டியின் மூடி சரியாக மூடாமல் ஒரு சட்டைக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக் கதவு திறந்து கிடந்தது. கொடி காலியாக இருந்தது. காலையில் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே அவர் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிவைத்துவிட்டுத்தான் சுபேதாருக்காகக் காத்திருந்திருக்கிறார்.

வாசலில் வேன்காரர்களோடு அவர் பேச்சு மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்தேன். கயிற்றை அவிழ்த்து, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, காலர் ஒரே பக்கம் பார்க்கும்படி கொடியில் மாட்டினேன். குடையை ஆணியில் தொங்கவிட்டேன். பிறகு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவன் போல என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.